கடைசி யார்?

கியூபா நாட்டின் தலைநகரான ஹவானாவில் சில வாரங்கள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அந்நாட்டு மக்களின் பண்பை நான் அறிந்துகொண்ட இடம், கடை வாசலில் அவர்கள் காத்திருக்கும் வரிசையே ஆகும்.

ஆனால் வரிசை என்று ஒன்று அங்கே கண்ணுக்குத் தென்படாது. சிலர் மரநிழலில் அமர்ந்திருப்பர். சிலர் எதிர்ப்புறம் நின்று உரையாடிக்கொண்டிருப்பர். புதிதாக வருபவர், "எல் உல்த்திமோ?" என்று உரக்க வினவுவார். "கடைசி யார்?" என்பது அதன் பொருள். ஒருவர் கை உயர்த்துவார். "தாங்கள் யாருக்குப் பின்?" என்பது அடுத்த வினா. முன்னவர் இடையில் அகன்றுவிட்டாலும் முறை தவறாதிருக்கவே இந்த ஏற்பாடு.

கடைசியாக நிற்பது அங்கே தாழ்வன்று. அது ஒரு பொறுப்பு. அடுத்து ஒருவர் வந்து அதை ஏற்கும் வரையில் அவ்விடம் விட்டு நகர்வது முறையாகாது.

ஒருநாள் ரொட்டிக் கடையில் எனக்கு முன்னிருந்த மூதாட்டியார் வெயில் தாளாமல் இல்லம் சென்றார். செல்லுமுன் தமக்கு முன்னிருந்தவரிடமும் என்னிடமும் சொல்லிச் சென்றார். ரொட்டியோ குறைந்துகொண்டே வந்தது. முறை நெருங்கிய வேளையில் அவர் மெல்ல நடந்து வந்தார். பின்னால் நின்றவர்களுக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற நிலை. ஆயினும் எவரும் முகம் சுளிக்கவில்லை, வழிவிட்டனர்.

இவ்வழக்கத்தைப் போற்றும்போது அதன் பின்னுள்ள துயரையும் மறக்கலாகாது. 1962 முதல் அங்கே பங்கீட்டு அட்டை நடைமுறையில் உள்ளது. 1991இல் சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் தட்டுப்பாடு கடுமையாயிற்று. முதியோர் பல மணி நேரம் காத்திருத்தல் எளிதன்று. வரிசையில் இடம்பிடித்து அதைப் பணத்துக்கு விற்போரும் உண்டு. 'கொலேரோ' என்று அவர்களை அழைப்பர். 2020இல் அரசு அவர்கள்மீது நடவடிக்கை எடுத்தது. பிறர் நம்பிக்கையின் பேரில் இலவசமாகக் காக்கும் இடத்தை அவர்கள் விலைபேசுகின்றனர் என்பதே மக்களின் மனவருத்தம்.

கயிறில்லை, சீட்டில்லை, காவலரும் இல்லாத இடத்தில் முறையைக் காப்பது இரண்டே: சொன்ன சொல், அதை மறவாத அயலாரின் நெஞ்சம். கடையில் பண்டம் தீர்ந்துபோகும் நாளிலும் இவ்விரண்டும் தீராதிருப்பதே ஒரு சமூகத்தின் செல்வம்.