கூரை இல்லாத ஆட்டம்

பழைய கட்டடங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்கிறவர்கள் சென்னையில் இப்போது அதிகமாகிவிட்டார்கள். நல்லதுதான். காப்பாற்றின பிறகு அதற்குள்ளே என்ன செய்வது என்று கேட்டால், பாதிப் பேர் கலைக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். பாட்டு வைக்கலாம், நாட்டியம் வைக்கலாம். அப்படிச் சொல்லும்போது அவர்கள் மனசில் ஓடுகிற நாட்டியம் எதுவென்று நமக்குத் தெரியும். காலில் சலங்கை, இடுப்பில் பட்டு, ஓரத்தில் குத்துவிளக்கு. காகிதத்தைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, தோளில் மாட்டி, ரோட்டை அடைச்சிக்கினு ஆடுகிற எங்க ஆட்டம் அந்த மனசுக்குள் வரவே வராது.

நான் ராயபுரத்துக்காரி. பொறந்தது, வளர்ந்தது, கட்டிக்கினு வந்தது எல்லாம் ரெண்டு கிலோமீட்டருக்குள்ள. மாநகராட்சிப் பள்ளியில் ஆசிரியை. என் பொண்ணு ஒன்பதாவது படிக்கும்போது, தெருவில் ரெண்டு பிள்ளைகள் பரதம் கத்துக்கப் போவதைப் பார்த்துத் தானும் போறேன் என்றாள். பக்கத்தில் ஒரு மாடி வீட்டில் வகுப்பு நடந்தது. டீச்சரம்மா நல்ல மாதிரியாகத்தான் பேசினாங்க. எந்தத் தெரு, வீட்டில் என்ன சாமி, அப்பா என்ன வேலை என்று ஒவ்வொண்ணா கேட்டுக்கினே வந்தவங்க, கடைசியில் "இது ரொம்ப வருசம் பிடிக்குமே, உங்களால முடியுமா?" என்றாங்க. பீஸைப் பற்றி நான் இன்னும் வாயே திறக்கல. மூணு மாசம் போனாள். அரைமண்டியில் உட்காரக் கற்றாள், தட்டடவு போட்டாள். "கடைசி வரிசையிலேயே நிக்க வைக்கிறாங்கமா, தப்பாப் போட்டாக்கூடத் திருத்த மாட்டேங்கிறாங்க" என்று ஒருநாள் நின்றுவிட்டாள். ஆடுற ஆசை மட்டும் நிக்கல.

அரசாங்கத்தில் சொல்லிக்கொடுக்கிற இடத்தையாவது பார்த்துவிட்டு வரட்டும் என்று அவளை அடையாற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பிராடி கேசில் என்று ஒரு கட்டடம். இப்போது அதற்குத் 'தென்றல்' என்று பெயர். கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த ஜேம்ஸ் பிராடி என்பவர் 1790களின் கடைசியில் தனக்காகக் கட்டிக்கொண்ட வீடு. பேருக்குத்தான் வீடு, பார்ப்பதற்குக் கோட்டை. கட்டினவர் பின்னாளில் அதே அடையாற்றில் மூழ்கிச் செத்துப்போனார். அரசாங்கம் 1949இல் தொடங்கின கர்நாடக இசைக் கல்லூரி பிற்பாடு இங்கே வந்து சேர்ந்தது. முதல் முதல்வர் முசிறி சுப்பிரமணிய ஐயர். பரதமும் இங்கே உண்டு. 2013இல் சட்டம் போட்டு இசைக்கும் கவின்கலைக்கும் ஒரு பல்கலைக்கழகமே ஆக்கினார்கள்.

என் பொண்ணு வெளியே மரத்தடியில் நின்று அந்த வெள்ளைச் சுவரை ரொம்ப நேரம் பார்த்தாள். "எம்மா, ஆடறதுக்கு இவ்ளோ பெரிய வூடா?" என்றாள். அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது.

ஆட்டத்துக்கு வீடு கிடைப்பது என்றால் என்ன? அது வெறும் வெயில் மழை சமாச்சாரம் இல்லை. கூரைக்குக் கீழே வந்துவிட்டால் ஆட்டம் 'கலை' ஆகிவிடுகிறது. சொல்லிக்கொடுக்கிறவர் பேராசிரியர், கற்றுக்கொள்கிறவள் மாணவி, கடைசியில் ஒரு பட்டம், அரசாங்கச் சம்பளம், பென்சன். ரோட்டிலேயே கிடக்கிற ஆட்டத்துக்கு 'கூத்தடிக்கிறான்' என்று பெயர். மாவட்டங்களில் இருக்கிற அரசு இசைப் பள்ளிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பல காலமாக அங்கே சொல்லிக்கொடுப்பவை ஏழு: குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம். வெள்ளைக்காரன் கொண்டுவந்த வயலினுக்கு அதில் இடம் இருக்கு. புறநானூற்று 335ஆம் பாட்டு நாலு குடிகளை எண்ணும்போது பறையனையும் சேர்த்து எண்ணுகிறது. அந்தக் குடிக்குப் பெயர் கொடுத்த பறைக்கு அந்த ஏழில் இடம் இல்லை. இங்கிலீஷ்காரன் அந்தப் பெயரையே எடுத்து, ஒதுக்கி வைக்கப்பட்டவன் என்கிற அர்த்தத்தில் தன் அகராதியில் போட்டுக்கொண்டான்.

கூரை கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல வரவில்லை. பரதத்தின் கதையே அதற்குச் சாட்சி. சதிர் என்ற பெயரில் அதை ஆடினவர்கள் தேவதாசிப் பெண்கள். 1931இல் மியூசிக் அகாடமி கல்யாணியின் பெண்களை மேடை ஏற்றியது. அந்தப் பத்து வருசத்தில் சதிர் போய் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. 1935இல் ருக்மிணி தேவி அடையாறு பிரம்மஞான சபையில் ஆடினார், 1936இல் கலாக்ஷேத்திரா வந்தது. அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் மயிலாப்பூர் கௌரி அம்மாள், கபாலீசுவரர் கோயிலில் ஆடினவர். எங்க பக்கத்து ஜார்ஜ் டவுனில் வாழ்ந்த வீணை தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதிக்கும் அந்த அம்மாள்தான் அபிநயம் சொல்லிக்கொடுத்தார். ஆட்டத்துக்கு வீடு கிடைத்தது. அதை அதுவரை சுமந்து வந்த பெண்களில் எத்தனை பேர் அந்த வீட்டுக்குள் போனார்கள்? பாலசரஸ்வதி மாதிரி ஒருவர் இருவர்தான் கடைசிவரை தங்கள் மரபைச் சொல்லிக்கொண்டே ஆடினார்கள். மற்றவர்களில் பலரும் தாங்கள் ஆடின குடும்பம் என்பதையே மறைத்துக்கொண்டு வாழ்ந்து முடித்தார்கள்.

தேவதாசி முறையை ஒழிக்கிற சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் வந்தது. அது வரவேண்டிய சட்டம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதே 1947இல்தான் மாகாணம் முழுக்க எல்லாச் சாதியாரும் கோயிலுக்குள் போகலாம் என்ற சட்டமும் வந்தது. எங்க வீட்டிலிருந்து கூப்பிடு தூரம் திருவொற்றியூர். அங்கே தியாகராசரை ஆடுகிற சாமி என்பார்கள். பெண்கள் ஆடின கோயில். ஆடின பெண்கள் வெளியே வந்த வருசமும், நாம் உள்ளே போன வருசமும் ஒன்றாக இருக்கிறது. நாம் உள்ளே போனபோது ஆட்டம் வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நாதசுரமும் தவிலும் சாமிக்கு முன்னால் வாசிக்கலாம், பறை சாவுக்கு என்று பிரித்து வைத்திருந்த காலத்தில், உள்ளே வாசித்தவர்களும் வெளியே அடித்த நம்மைத் தொட்டுக்கொண்டவர்கள் இல்லை.

இனி எங்க வீட்டுக் கதை. எங்க தாத்தா செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்தில் இருந்து ஹார்பர் வேலைக்கு வந்தவர். ஊரில் அவருக்குப் பறை கலை இல்லை, கட்டாயம். ஊரில் யார் செத்தாலும் போய் அடிக்கணும். கூலி என்று கேட்க முடியாது, களத்தில் அள்ளிப் போடுகிற நெல்லுதான். காய்ச்சலில் சுருண்டு கிடந்தவரை ஒரு ராத்திரி எழுப்பிக்கொண்டு போய் விடியவிடிய அடிக்க வைத்தார்கள். மறுவாரம் பட்டணத்துக்கு வந்துவிட்டார். "அந்தச் சனியன அங்கியே எரவாணத்துல சொருகிட்டு வந்துட்டேன்" என்பார். சாகிறவரைக்கும் தொடவில்லை.

அவர் தொடாததை அவர் பிள்ளை, என் தாய்மாமன், தொட வேண்டி வந்தது. மாமாவும் ஹார்பரில் மூட்டை தூக்கினவர்தான். 1983இல் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் வந்தது. நூறு ஆள் தூக்கினதை ஒரு கிரேன் தூக்கிக் கொண்டுபோய் வைத்தது. தினக்கூலி ஆள்களுக்கு வேலை கொறைஞ்சிக்கினே வந்தது. மாமா சாவு மேளத்துக்குப் போனார்.

சாவு மேளம் என்று எல்லாரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் எவ்வளவு வேலை இருக்கு என்று பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மூணு மரத்துண்டைச் சேர்த்து வளையம் ஆக்கணும், அதன்மேல் மாட்டுத்தோலை இழுத்துக் கட்டணும். ஒரு கையில் குட்டையான தடிக்குச்சி, இன்னொரு கையில் நீளமான மெல்லிசு மூங்கில் குச்சி. ரெண்டும் வேற வேற பேசணும். தோல் தளர்ந்தால் சத்தம் செத்துவிடும், அதனால் நெருப்பில் காட்டிக் காட்டி முறுக்கேத்தணும். கொஞ்சம் கூடினால் தோல் பொசுங்கிவிடும். மாமா காதைக் கிட்ட வைத்து விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். இப்போது பிளாஸ்டிக் தோல் வந்துவிட்டது, நெருப்பு வேண்டாம். மாமாவுக்கு அது பிடிக்காது. "அது கத்தும், பேசாது" என்பார்.

பொணம் எடுத்ததில் இருந்து மூலக்கொத்தளம் வரைக்கும் ஆடிக்கொண்டே அடிக்கணும். குனிந்து, சுழன்று, பின்னாலேயே நடந்து. எதிரே லாரி வரும், பஸ் வரும், ஒதுங்கிக்கொண்டே அடி தப்பாமல் ஆடணும். எந்த மேடையில் இந்தப் பாடம் நடத்துகிறார்கள்? மொழிப்போரில் 1939இல் முதலில் உயிரைக் கொடுத்த நடராசன், நம்ம சனத்துப் பிள்ளை, அந்த மூலக்கொத்தளத்தில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார். தாளமுத்துவும் அங்கேதான். அங்கே போய் முடிகிற ஆட்டத்தைத் தமிழ்க் கலை இல்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் வாசலில் நிற்கவைத்து, பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணி கொடுத்து, ஆடுறதுக்குத் தெம்பு என்று சாராயத்தை ஊற்றிவிட்டு, "இன்னாடா, சவுண்டே வரல" என்று அதட்டுவார்கள். மாமாவின் ஈரல் அப்படித்தான் கெட்டது.

இப்போது என் பொண்ணு பறை கத்துக்கணும் என்கிறாள். காலேஜ் விழாவில் ஒரு குழு ஆடினதைப் பார்த்திருக்கிறாள், அதில் பெண்பிள்ளைகளும் இருந்தார்களாம். அதைக் கேட்டதும் எங்கம்மா சாமி வந்தமாதிரி ஆடிவிட்டாங்க. "எங்கப்பன் அத்த எரவாணத்துல சொருகிட்டு ஓடியாந்தாரு. என் தம்பி அதால குடிச்சி அழிஞ்சான். நீ டீச்சராயி, உம் பொண்ணு கழுத்துல மறுபடியும் அத்த மாட்டப் போறியாடி?"

எங்கம்மாவின் கேள்வி சின்னக் கேள்வி இல்லை. 1990களில் நம்ம இயக்கங்களும் பத்திரிகைகளும் இதைத்தான் விவாதித்தன. அடிமை வேலையின் அடையாளம், தூக்கிப் போடு என்று ஒரு பக்கம். ஊர் ஊராகச் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று மறுத்ததும், அதற்காக அடிபட்டதும் நடந்தது. போடாதே, அதையே விடுதலைக்கு எடு என்று இன்னொரு பக்கம். மதுரையில் தலித் கலைவிழா நடந்தது, திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுப் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி மேடை ஏறினார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சில இடங்களில் அரசாங்கமே பகுதி நேரமாக நாட்டுப்புறக் கலை சொல்லிக்கொடுக்கிறது. எல்லாம் வந்த பிறகும் எங்கம்மாவின் கேள்வி அப்படியே நிற்கிறது. மேடையில் அடிக்கிறவனுக்குப் பொன்னாடை, தெருவில் அடிக்கிறவனுக்கு இன்னமும் பிளாஸ்டிக் டம்ளர்தான்.

என் கட்சி இது. தூக்கிப் போடுகிற உரிமையும் எடுத்துக்கொள்கிற உரிமையும் ஒரே உரிமைதான். மாட்டேன் என்று சொல்ல முடிந்தவன் அடித்தால்தான் அது கலை. தாத்தா ஓடிவந்ததால்தான் என் பொண்ணு ஆசைப்பட்டுக் கேட்க முடிகிறது.

அதனால்தான் கூரையைப் பற்றிப் பேசுகிறேன். ராயபுரம் ரயில் நிலையத்தில் இருந்து 1856இல் வாலாஜா ரோட்டுக்கு ரயில் கிளம்பியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். அந்தத் தூண் வைத்த கட்டடத்தை 2005இல் பழுதுபார்த்துப் புதுசாக்கினார்கள். இப்போது போட்டோ எடுக்க வருகிறார்கள். சென்ட்ரல் பக்கத்தில், 1891இல் தொடங்கின சுகுண விலாச சபை நாடகம் போட்ட விக்டோரியா பப்ளிக் ஹாலை, மாநகராட்சி 2023இல் முப்பத்திரண்டு கோடி ரூபாய்க்கு மேல் போட்டுச் சீரமைக்கத் தொடங்கியது. இந்த மாதிரிக் கட்டடம் ஒன்றில், வடசென்னையில், எங்க ஆட்டத்துக்கு ஒரு கூடம் வேண்டும். திருவிழாவுக்கு மூணு நாள் கூப்பிட்டுச் சால்வை போட்டு அனுப்புவது வேண்டாம். வருசம் முழுக்கத் திறந்திருக்கணும். சொல்லிக்கொடுப்பது தெருவில் அடித்தவர்களாக இருக்கணும், அவர்களுக்குப் பத்தாவது பாஸா என்று கேட்காமல் மாசச் சம்பளம் போடணும். எந்தச் சாதிப் பிள்ளையும் வந்து கத்துக்கட்டும். ஆனால் யாரிடமிருந்து கத்துக்கினோம் என்பதை மறைக்காமல் சொல்லட்டும். சதிருக்கு நடந்தது பறைக்கு நடக்கக்கூடாது.

மாமாவிடம் கேட்டேன். "அப்படி ஒரு எடம் வந்தா, பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்க வருவியா மாமா?" அவர் இப்போது குடியை விட்டு நாலு வருசம் ஆகிறது, கைநடுக்கம் மட்டும் கொஞ்சம் இருக்கு.

"வர்றேன்மா. இன்னாத்துக்கு வராம? ஆனா ஒண்ணு சொல்லிடு. அங்க நான் சேர் போட்டு ஒக்காந்துதான் சொல்லிக்குடுப்பேன். அந்த வாசல்ல வந்து, எவன் வூட்லயோ சாவு, எழுந்து வாடான்னு எவனும் என்னக் கூப்டக்கூடாது."