கணக்கப்பிள்ளை இல்லாத பச்சை



இலங்கை மலையகத்தின் அக்கரப்பத்தனைப் பக்கத்திலிருந்து லண்டனுக்குப் படிக்க வரும் பிள்ளைகள் அறை வாடகை கேட்பார்கள், பகுதிநேர வேலை கேட்பார்கள், அரிசி மலிவாகக் கிடைக்கும் கடையைக் கேட்பார்கள். பூங்கா எங்கே என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நானாகச் சொன்னபோது, “பொறந்ததிலிருந்து பச்சையைத்தானே பார்த்துக்கிட்டிருக்கோம், அண்ணா” என்றார் ஒரு தம்பி.

பார்த்தோம், உண்மைதான். அந்தப் பச்சைக்குள் உட்கார்ந்திருக்கிறோமா? தேயிலை மலையில் ஒவ்வொரு நிரைக்கும் ஓர் ஆள். கணக்கப்பிள்ளையின் ஏட்டில் ஆளுக்கொரு பேர், அந்தப் பேருக்கு இத்தனை கிலோ கொழுந்து. சும்மா நின்றால் கங்காணி குரல் கொடுப்பார். நம் அம்மாமார் ஆயுள் முழுக்க அந்தப் பச்சையில் நின்றார்கள்; இளைப்பாறியது ரோட்டோரக் கல்லில். வேலை எதுவும் இல்லாமல் புல்லில் கால் நீட்டி இருக்க நமக்குக் கூச்சம் வருவது அதனால்தான். யுத்த காலத்தில் கொழும்புக்குப் போன எங்கள் வயதுக்காரருக்கு இன்னொரு பயமும் இருந்தது. விகாரமகாதேவிப் பூங்கா வாங்கில் ஒரு தமிழ்ப் பையன் தனியாக உட்கார்ந்தால் அடையாள அட்டையைத் தயாராகக் கையில் வைத்திருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தை இங்கே படிக்க வரும் நீங்கள் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வரவேண்டாம் என்பதற்காகவே இந்த மடல்.

ஈஸ்ட் ஹாமில் ஓர் அறையை இரண்டு மூன்று பேர் பங்குபோட்டு இருக்கிறீர்கள். தோட்டத்து லயக் காம்பராவுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. அங்கிருந்து மேனர் பார்க் பக்கம் அரை மணி நேரம் நடந்தால் வான்ஸ்டெட் பிளாட்ஸ் வரும். அலங்காரமில்லாத, அகன்ற புல்வெளி. வானம்பாடிகள் தரையில் கூடு கட்டும் இடம். 1871 ஜூலையில் நிலவுரிமைக்காரர் அதில் ஒரு பகுதியை வேலியடைத்தபோது, கிழக்கு லண்டன் சனம் ஆயிரக்கணக்கில் திரண்டு வந்து வேலியைப் பிடுங்கி எறிந்தது. அந்தக் கிளர்ச்சிகளின் தொடர்ச்சியாக 1878இல் எப்பிங் காட்டுச் சட்டம் வந்தது. காட்டோடு இந்த வெளியும் என்றைக்கும் பொதுமக்களுக்கு என்று ஆனது. லண்டனில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். பூச்செடி பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ரீஜென்ட்ஸ் பார்க்கின் ரோஜாத் தோட்டத்துக்கு ஜூன் மாதத்தில் போங்கள்.

மைல் எண்டில் படிக்கிறவர்கள் கால்வாய்க் கரையைப் பிடித்து வடக்கே நடந்தால் விக்டோரியா பார்க். அதன் கதையை நம் ஊர்ப் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கிழக்கு லண்டனில் தொழிலாளர் குடும்பங்கள் காற்றில்லாத அறைகளில் நெருக்கியடித்துக் கிடந்து நோயில் செத்துக்கொண்டிருந்த காலம். அங்கே ஒரு பூங்கா அமைத்தால் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான சாவுகளைத் தடுக்கலாம் என்று 1839ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவாளர் அறிக்கையிலேயே வில்லியம் ஃபார் எழுதினார். அடுத்த ஆண்டு முப்பதாயிரம் பேர் கையெழுத்திட்ட மனு விக்டோரியா மகாராணிக்குப் போனது. 1845இல் பூங்கா திறந்தது. 1848இல் வாக்குரிமை கேட்ட சார்ட்டிஸ்ட் தொழிலாளர்கள் அங்கேயும் கூடினார்கள். அதே 1848இல் நம் முன்னோர் இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்துகொண்டிருந்தார்கள். நமக்குக் குடியுரிமையும் வாக்குரிமையும் முழுதாகக் கிடைக்க இன்னும் நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆனது.

புளூம்ஸ்பரிப் பக்கம் வகுப்பு இருந்தால் ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு டேவிஸ்டாக் சதுக்கத்துக்குப் போங்கள். 1968இல் வைத்த காந்தி சிலை நடுவில் இருக்கிறது. பக்கத்தில் சோயாஸ் பல்கலைக்கழக வளாகத் தோட்டத்தில் 1996 முதல் திருவள்ளுவர் உட்கார்ந்திருக்கிறார். வள்ளுவரின் பக்கத்தில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட யாரும் காசு கேட்பதில்லை. ஹைட் பார்க்கில் துணி நாற்காலிக்குத்தான் வாடகை, புல்லுக்கு இல்லை. கியூ தாவரத் தோட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. ஆனாலும் காசு சேர்த்து ஒருமுறை போய்விடுங்கள். நம் ஊர்ப் பக்கத்து ஹக்கலைத் தாவரத் தோட்டத்தை 1861இல் அமைத்தது, கொய்னா மருந்து தரும் சிங்கோனா மரம் வளர்க்க. சிங்கோனா விதைகளைக் காலனிகளுக்கு அனுப்பிய வேலையில் கியூவுக்குப் பெரிய பங்கு இருந்தது. நம் மலைகளில் எது விளையவேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் நடந்த பாதை அது. அதில் நீங்களும் நிமிர்ந்து நடக்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

மாரிகாலத்தைப் பற்றி ஒன்று. குளிர் நமக்குப் புதிதல்ல. இங்கே ஆளை வாட்டுவது இருட்டு. டிசம்பரில் நாலு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். பகல் முழுக்க வகுப்பிலும் இரவு முழுக்கக் கடை வேலையிலும் இருந்தால் வாரக்கணக்கில் சூரியனைக் காணமாட்டீர்கள். மனம் சோர்ந்து படிப்பை விட்ட பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் இடையில் அரை மணி நேரமாவது, மழைத்தூறல் என்றாலும், பக்கத்துப் பூங்காவில் நடந்துவிட்டு வாருங்கள். தனியாகப் போகக் கூச்சமென்றால் அறைத் தோழரையும் இழுத்துக்கொண்டு போங்கள்.

கொழும்புப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கும் நான் சொல்வது இதேதான். பொது நூலகம் விகாரமகாதேவிப் பூங்காவை ஒட்டியே இருக்கிறது. படித்துவிட்டு மரநிழலுக்கு வரலாம். 1859இல் கவர்னர் ஹென்றி வார்ட் அமைத்த காலிமுகத் திடலில் மாலைக் கடற்காற்று எல்லாருக்கும் பொது.

ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குப் போக பஸ் காசும் வேண்டும், நுழைவுச் சீட்டும் வேண்டும். அக்கரப்பத்தனைக்கென்று இப்போது தனிப் பிரதேச சபை இருக்கிறது. ஆக்ரா ஓயாக் கரையில், தோட்டக் கம்பனிக்குச் சொந்தமில்லாத ஒரு துண்டு நிலத்தில், நாலு வாங்கும் ஒரு மழைக் கூரையும் போட்டு, ஓ.எல். பரீட்சை எழுதும் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க ஓர் இடம் கேளுங்கள். மனு எழுதுங்கள். லயம் லயமாகக் கையெழுத்து வாங்குங்கள். இங்கிருந்து நாங்களும் போடுகிறோம்.