தானாக எரியும் விளக்கு

சிவனொளிபாதமலைக்கு ஹட்டன், மஸ்கெலியா வழியாக வருபவர்களுக்கு நல்லதண்ணிதான் அடிவாரம். டிசம்பர் மாத உந்துவப் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரை யாத்திரைக் காலம். அந்த மாதங்களில் மலைப்பாதை நெடுகிலும் இரவில் விளக்கெரியும். பெண்களும் பிள்ளைகளும் நள்ளிரவில் படியேறுவதற்கு அந்த வெளிச்சமே துணை.

அங்கே பெண் யாத்திரிகர்கள் தங்கும் மண்டபம் ஒன்றில், பருவம் தொடங்குமுன் புதிய விளக்குகள் பொருத்தினார்கள். துப்புரவு வேலைக்கு வரும் தோட்டத்துப் பெண்களோடு நானும் போயிருந்தேன். வயர் இழுத்த தம்பி இந்த முறைக்கு ‘டாலி’ என்று பெயர் சொன்னார். “தாலியா தம்பி?” என்று ஓர் அக்கா கேட்க, எல்லோரும் சிரித்துவிட்டோம்.

நம் வீட்டுச் சுவிட்ச் விளக்குக்குப் போகும் மின்சாரத்தையே துண்டிக்கிறது, சேர்க்கிறது. ஒரு சுவிட்சுக்கு வேறு விளக்கைக் கொடுக்க வேண்டுமானால் வயரையே மாற்ற வேண்டும். டாலி முறையில் விளக்குகளுக்கு மின்சாரம் தனியே போகிறது. சுவிட்சும் சென்சரும் வேறு இரண்டு வயர்கள் வழியாகச் செய்தியை மட்டும் அனுப்புகின்றன. ஓர் இணைப்பில் 64 விளக்குகள் வரை தனித்தனி இலக்கம் பெறலாம். எந்தச் சுவிட்சுக்கு எந்த விளக்கு என்பதைக் கணினியில் எழுதிவைக்கிறார்கள். அந்த இரு வயர்களில் இருப்பது குறைந்த மின்னழுத்தமே. ஆனாலும் வீட்டு மின்சாரத்தைப் போலவே அதற்கும் பயப்பட வேண்டும், தொடக்கூடாது என்று தம்பி எச்சரித்தார்.

கழிப்பறைக்குப் போகும் நடைவழியில் சென்சர் வைத்திருந்தார்கள். உடற்சூடு அசைவதைக் கண்டால் அது விளக்கை ஏற்றும். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் ஆளில்லை என்று அணைத்துவிடும்.

மாலையில் சோதித்துப் பார்த்தோம். ஓர் அக்கா நடைவழியில் கால் வைத்ததும் விளக்கு பளீரென்று எரிந்தது. அவர் இரண்டு கைகளையும் தலைமேல் வைத்தபடி அப்படியே குந்திவிட்டார். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்கள் பல. அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தின் மகள் அவர். போர் முடிந்த பிறகுதான் உறவினரிடம் திரும்பி வந்தவர். “பரா வெளிச்சம்னு நெனச்சிட்டேன் மிஸ்” என்றார். அந்த வெளிச்சம் என்னவென்று உங்களில் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

“இது மெதுவாக எரியாதா தம்பி?” என்று கேட்டேன். “ஏன் முடியாது மிஸ்? ஒளி கூடும் நேரத்தைக் கூட்டி எழுதினால் போதும்” என்றார். ஒரு வயரையும் கழற்றவில்லை. இரவு முழுவதும் மங்கலான வெளிச்சம் இருக்கவும், ஆள் வந்தால் சில வினாடிகளில் மெல்லக் கூடவும், அணையும் நேரம் நீளவும் மாற்றி எழுதினார். கழிப்பறைக் கதவடியில் கையால் போடும் சுவிட்சொன்றையும் இணைத்தார். அக்கா மறுபடி நடந்து பார்த்தார். “இப்ப சரி” என்றார்.

சென்சருக்கு அசைவு மட்டுமே தெரியும். நடப்பவளின் மனம் தெரியாது. அதை எழுதுபவருக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

சகோதரிகளே, உங்கள் ஊர் மண்டபத்திலோ ஆஸ்பத்திரியிலோ தானாக எரியும் விளக்கு வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எவ்வளவு மெதுவாக எரியும்? எவ்வளவு நேரம் அணையாமல் நிற்கும்? கையால் போடும் சுவிட்ச் எங்கே? டாலி முறையாக இருந்தால் இவற்றில் பலதைச் சுவரை உடைக்காமலே மாற்றலாம். கேட்டால்தான் மாற்றுவார்கள்.