பார்க்காத படத்துக்குக் காவல்

ஊமைப் படங்களை இந்தக் காலத்துக்கு ஏற்ப மறுபடி எடுப்பது பாவம் என்று தெரணியகலைப் பக்கத்தில் மேடை கிடைத்த இடத்திலெல்லாம் பேசியவன் நான். அப்படிப் பேசிய காலம் முழுவதும் ஒரு ஊமைப் படத்தையாவது தொடக்கத்திலிருந்து முடிவுவரை நான் பார்த்திருக்கவில்லை. சாப்ளின் என்றால் போனில் வரும் துண்டுக் காட்சிகள். மிச்சமெல்லாம் சென்னைச் சஞ்சிகைகளில் வாசித்தது. வாசித்ததைப் பார்த்ததுபோலச் சொல்ல எனக்கு நன்றாக வரும்.

வெறும் வாய்ப்பேச்சோடு போயிருந்தால் இதை எழுத வேண்டியதில்லை. ஒரு நல்ல காரியத்தை அந்தப் பேச்சால் கெடுத்தேன்.

வாசகசாலையின் மல்டிமீடியா புரொஜெக்டர் அப்போது என் பொறுப்பில் இருந்தது. அதையும், துரைக்கு ஒரு கடிதத்தையும் கேட்டு எங்கள் தோட்டத்துப் பையன்கள் சிலர் வந்தார்கள். 'மாடர்ன் டைம்ஸ்' படத்தை நம் தோட்டத்தில் எடுக்கப்போகிறோம் என்றார்கள். 1936இல் வந்த அந்தப் படத்தில் ஓடும் பட்டியில் வருகிற நட்டுகளை முடுக்கி முடுக்கி, வேலை நின்ற பிறகும் சாப்ளினின் கை முடுக்கிக்கொண்டே இருக்கும். பையன்களின் கதையில் அந்த இடத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா. காலைப் பிரட்டில் தொடங்கி மலையெல்லாம் பறித்த கை லயத்துக்கு வந்தும் நிற்காது. ரொட்டி மாவைக் கிள்ளிக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் எறியும். நிறுவைக் காட்சிதான் உச்சம். கூடைக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு, முற்றின இலைக்கு ஒரு கழிவு என்று முள் இறங்கிக்கொண்டே போக, கடைசியில் அந்த அக்காவே தராசில் ஏறி நிற்பாள். அப்போதும் அரைப்பேர்தான், அரைநாள் சம்பளம்தான் விழும்.

சத்தமில்லாமல் எடுப்பதற்கும் அவர்களிடம் காரணம் இருந்தது. மைக் வாங்கக் காசில்லை. தேயிலை ஸ்டோருக்குள் மெஷின் இரைச்சலில் போனில் ஒன்றும் பதியாது. "கீழ நாட்டுல உள்ள சிங்களப் பிள்ளைகளும் பாத்துச் சிரிப்பாங்க சேர். ஒரே படம், ரெண்டு பக்கத்துக்கும் விளங்கும்" என்றான் ஒருவன்.

"சாப்ளின்ல கை வைக்காதீங்க தம்பி. கருங்கல் சாமிக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை இது" என்றேன். மல்டிமீடியாவைக் கொடுக்கவில்லை. கடிதமும் எழுதவில்லை. போதாததற்கு, முதலில் நம் நாட்டுச் சினிமாச் சரித்திரத்தைப் படியுங்கள், அது 1947இல் 'கடவுனு பொரொந்துவ'வோடு தொடங்குகிறது என்று ஒரு பாடமும் எடுத்தேன்.

உள்ளே இருந்தது பொறாமை. தோட்டத்து வாழ்க்கையை எழுதுகிறவன் என்று சொல்லித் திரிந்த எனக்கு அந்தத் தராசுக் காட்சி தோன்றவில்லையே என்ற எரிச்சல். சாப்ளின்மேல் உள்ள பக்தி என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். பையன்கள் வாதாடவில்லை. "சரிங்க சேர்" என்று போய்விட்டார்கள்.

பிறகு ஒரு மலருக்காக இதே விஷயத்தில் கட்டுரை கேட்டார்கள். அச்சில் வந்தால் யாராவது பிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில்தான் படங்களைப் பார்க்க உட்கார்ந்தேன். 1931இல் வந்த 'சிட்டி லைட்ஸ்' பாதி ஓடும்போதே கதை எனக்குத் தெரிந்த கதையாக இருந்தது. கண் தெரியாத பெண். அவளுக்குப் பார்வை கிடைக்கப் பாடுபட்டவன் எதிரே நின்றும் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. 1999இல் எழில் எடுத்த 'துள்ளாத மனமும் துள்ளும்'! விஜய்க்காகவும் சிம்ரனுக்காகவும் எங்கள் லயங்களே அழுத படம், நானும் அழுதிருக்கிறேன். அதற்கும் முன்பே, 1954இல், ஜெமினி ஸ்டூடியோ அதே கதையை 'ராஜி என் கண்மணி' ஆக்கியிருந்தது. மறுபடி எடுப்பது பாவம் என்றால் அந்தப் பாவத்தில் என் கண்ணீரும் உண்டு.

சாப்ளினே சும்மா இருக்கவில்லை. 1925இல் எடுத்த 'கோல்ட் ரஷ்'ஷை 1942இல் எழுத்துப் பலகைகளை நீக்கி, தன் குரலில் கதை சொல்லி, இசை சேர்த்து, கடைசி முத்தத்தையும் வெட்டி மறுபடி வெளியிட்டார். எனக்குப் பழையதுதான் பிடிக்கிறது. அந்தக் குரல் தேவையில்லாமல் தொணதொணக்கிறது. ஆனால் பழையதைப் புதியது அழித்துவிடவில்லை. இரண்டும் இருக்கின்றன. இந்தியாவில் பால்கேயும் 1913இல் எடுத்த அரிச்சந்திரன் கதையை 1917இல் திரும்ப எடுத்தார்.

என்னை அதிகம் வெட்கப்பட வைத்தது வேறொன்று. காவல் காக்க எங்களிடம் என்ன இருந்தது? இலங்கையின் முதல் கதைப்படம் 'ராஜகீய விக்கிரமய'. நூர்பாய் தயாரித்த ஊமைப் படம், 1925. பம்பாயிலும் சிங்கப்பூரிலும் காட்டினார்கள்; இங்கே திரைக்கு வருமுன் பிரதி அழிந்துபோனது. அதில் நடித்தவர் பிற்காலத்தில் அரசியல் தலைவரான என். எம். பெரேரா. 1934-35 மலேரியாவில் கேகாலைப் பக்கம் நிவாரணம் கொண்டுவந்து "பருப்பு மாத்தயா" என்று பெயரெடுத்தவர், றுவன்வெல்லைக்கும் யட்டியந்தோட்டைக்கும் உறுப்பினராக இருந்தவர், இரண்டு தடவை நிதி அமைச்சர். அவர் கொடி பிடித்துப் பேசியதைக் கேட்ட பெரியவர்கள் எங்கள் பக்கத்தில் இருந்தார்கள். அவர் வேஷம் கட்டி நடித்ததை இந்த நாட்டில் பார்க்க வாய்க்கவில்லை. 1947இல் வந்தது முதல் சிங்களப் பேசும்படம் மட்டுமே. நான் எடுத்த பாடமும் பிழை.

தென்னிந்தியாவிலும் கையிருப்பு சொல்லும்படி இல்லை. நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' போய்விட்டது. நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' தப்பியதும், நாவலின் உரிமை வழக்கில் பிரதி பறிமுதலாகி முடங்கிக் கிடந்ததால்தான். இல்லாத பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, இருந்த பையன்களைத் துரத்தியிருக்கிறேன்.

அவர்களில் ஒருவன் இப்போது கொழும்பில் கடை வேலை. அவிசாவளை பஸ் ஸ்டாண்டில் கண்டபோது மழையைப் பற்றியே பேசிவிட்டு வந்தேன். பிறகுதான் போனில், படத்தைப் பார்க்காமலே பேசியதையும் பொறாமையையும் சேர்த்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் சிரித்தான். "அக்காவா நடிக்க ஒத்துக்கிட்டவங்க பேர வெட்டிட்டு ஊருக்குப் போயிட்டாங்க சேர். வேற ஆள் பாக்கணும். நீங்க வேணும்னா நிறுக்கிற ஆளா நடிங்க" என்றான்.

சம்மதித்திருக்கிறேன். மல்டிமீடியாவை எடுத்துப் பார்த்தால் பல்ப் போயிருந்தது. என் காசில் மாற்றித் தருவதாகவும் சொல்லியிருக்கிறேன்.