எம் தந்தையாரும் அஞ்சல் ஓட்டமும்

தந்தையைப் புகழாத மைந்தன் உலகில் அரியன். ஆதலின், எம் தந்தையாரைப் பற்றி நாம் ஈண்டுக் கூறுவனவற்றை வாசக நேயர்கள் சற்றுக் கழித்தே கொள்ளலாம். பழக்குலைகளின் எடையில் நீண்ட காம்புக்கென்றும் மண்ணுக்கென்றும் கழித்து எழுதுவது தோட்டத்துக் கிராணியாகிய எமக்குப் பழகிய தொழிலே. அங்ஙனம் கழித்த பின்னும் மிஞ்சுவது எதுவோ அதனையே எழுத முற்படுகின்றோம்.

நெகிரி செம்பிலான் மாநிலத்துப் போர்ட்டிக்சனில் 1960-களின் தொடக்கத்தில் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. இன்று அவ்விரண்டும் வேறு பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. எம் பாட்டனார் பால்மரம் சீவியவர். அவர் மகனாகிய எம் தந்தையார் 1979-ஆம் ஆண்டில், தம் 22-ஆம் வயதில், தோட்டத்திலிருந்து சைக்கிளேறி ஆலை வேலைக்குச் சென்றார். ஆயினும் குடியிருப்பை மாற்றிக்கொள்ளவில்லை. பாட்டியாரின் பெயரில் லயத்தில் வீடு இருந்தவரை அங்கேயே இருந்தார். பின்னர்த் தோட்டத்து வாயிலுக்கு எதிரே ஒரு சிறு வீடு வாங்கினார்.

ஆலையின் தொழிலை எமக்கு அவர் சோற்றுப் பானையைக் காட்டியே விளக்கினார். கச்சா எண்ணெயைச் சூளையில் ஏறக்குறைய 350 பாகை வரை காய்ச்சி நெடிய கோபுரத்தினுள் செலுத்தினால், இலேசான ஆவி உச்சிக்கு ஏறிப் பெட்ரோலாகும். அதன் கீழே மண்ணெண்ணெய். அதற்கும் கீழே டீசல். கசடு அடியில் தங்கும். அழுகிய முட்டையைப் போல் நாறும் ஒரு நச்சுக் காற்றும் அங்கே உண்டு. அது மிகுந்துவிட்டால் முகரும் புலனையே மரக்கச் செய்துவிடுமாம். "நாற்றம் அடித்தால் விலகு, அடித்த நாற்றம் சட்டென்று நின்றுவிட்டால் ஓடு" என்பார். பாடப் புத்தகத்தில் படித்த இரசாயனத்தை நாம் மறந்துவிட்டோம், இது மறக்கவில்லை.

நிற்க. காலை, மாலை, இரவு என மூன்று முறைகளாக மாறிவரும் வேலை அவருடையது. இரவு முறை முடித்து வருகிறவன் பகலெல்லாம் உறங்கவேண்டும் என்பது உடலின் நியாயம். அவரோ நான்கு மணி நேரம் உறங்கி, மாலை ஐந்தரை மணிக்குத் தோட்டத்துத் திடலில் நிற்பார். அந்த ஐந்தரை மணியை அவர் தற்செயலாகத் தெரிந்துகொள்ளவில்லை. சம்சுக் கடையில் கூட்டம் சேரும் வேளை அது. பெரியவர்களைத் தடுக்க அவரால் இயலவில்லை. அவர்களுடைய பிள்ளைகளாவது அவ்வேளையில் வேறோரிடத்தில் இருக்கட்டும் என்றே திடலுக்கு அழைத்தார். ஆலையின் வேலை அட்டவணை எம் வீட்டுச் சுவரில் தொங்கியது. ஆனால் அதனை மனப்பாடமாக அறிந்தவர்கள் லயத்துப் பிள்ளைகளே.

நூறு மீட்டர், நானூறு மீட்டர் எல்லாம் கற்பித்தார். எனினும் அவர் உள்ளம் முழுதும் நின்றது அஞ்சல் ஓட்டத்தில். கோலை மாற்றும் எல்லை அக்காலத்தில் 20 மீட்டர். வருகிறவன் வேகம் குறையலாகாது. வாங்குகிறவன் திரும்பிப் பார்க்கலாகாது. இந்த இருபது மீட்டருக்காக மட்டும் வாரத்தில் மூன்று நாள் செலவிடுவார். ஏன் இவ்வளவு என்று ஒரு பையன் கேட்டபோது அவர் கூறியது விளையாட்டைப் பற்றியதன்று. 1988-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள், வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்னும் எண்ணெய் மேடை தீப்பற்றி 167 பேர் மாண்டனர். பழுதுபார்ப்பிற்காக ஒரு பம்பின் காப்பு வால்வைக் கழற்றி வைத்திருந்தனர். பகல் முறையினர் அறிந்த அச்செய்தி இரவு முறையினரின் காதுக்கு எட்டவில்லை. அவர்கள் பம்பை ஓட்டினர். "வேலை தெரியாதவர்களா அவர்கள்? வேலை கைமாறும் இடத்தில் தவறியது" என்றார். பிள்ளைகள் வாயடைத்து நின்றனர். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இது சற்றுக் கடுமையான பாடமே என்று இன்றும் எமக்குத் தோன்றுகின்றது. ஆயினும் அதன் பின் கோல் கீழே விழுந்தது மிகக் குறைவு.

2001-ஆம் ஆண்டில் பெண்பிள்ளைகளையும் ஓட்டத்திற் சேர்க்க முனைந்தார். அங்கேதான் தொல்லை தொடங்கிற்று. நன்றாக ஓடக்கூடிய ஒரு சிறுமியின் பாட்டியார், "வயதுக்கு வந்த பெண் காலைக் காட்டிக்கொண்டு ஓடுவதா?" என்று வாசலை மறித்துக்கொண்டார். தந்தையார் வாதாடவில்லை. 1966-இல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டில் நானூறு மீட்டரில் தங்கம் வென்ற எம் நாட்டு ராஜாமணியின் கதையைத் திண்ணையில் அமர்ந்து சொன்னார். மூன்று மாலை சொன்னார். எம் தாயார் முழங்காலுக்குக் கீழ் இறங்கும் காற்சட்டை ஒன்று தைத்துக் கொடுத்தார். நான்காம் மாலை பாட்டியாரே பேத்தியை அழைத்துக்கொண்டு திடலுக்கு வந்து, முடியும் வரை குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவ்வாண்டு சிரம்பானில் நடந்த போட்டியில் எம் பெண்கள் நான்காவதாக வந்தனர். பதக்கமில்லை. ஆனால் திரும்பி வரும் வேனில் பாட்டியார் நடுவர்களைத் திட்டிய திட்டு எழுத்திலடங்காது.

எமக்கு ஓட வராது, சிறுவயதில் மூச்சிரைப்பு. ஆகவே நேரம் குறிக்கும் நோட்டுப் புத்தகம் எம் கைக்கு வந்தது. ஆங்கிலத்தில் வந்த பயிற்சி நூல்களைப் படித்துத் தமிழில் சொல்லும் வேலையும் எமதே. எம் அக்காளுக்கு அதுவும் கிட்டவில்லை. அவர் பள்ளிப் பரிசளிப்பு விழாக்களில் ஒன்றுக்கேனும் தந்தையார் சென்றதாக நினைவில்லை. "ஊரார் பிள்ளைக்கெல்லாம் அப்பன்; நம் பிள்ளைக்கு விருந்தாளி" என்று தாயார் ஒரு நாள் சோற்றைப் பரிமாறிக்கொண்டே கூறினார். தந்தையார் தலை நிமிராமல் உண்டார். மறுநாள் அக்காளுக்கு ஒரு பேனா வாங்கி வந்தார். அக்காள் அதனைப் பெற்றுக்கொண்டார், எழுதவில்லை. இக்கணக்கு இன்றளவும் தீரவில்லை. நாம் தீர்க்கவும் புகவில்லை.

2012-இல் ஓய்வு பெற்று, 2019-இல் காலமானார். பாடையைச் சுமந்தவர்கள் எல்லாரும் அவரிடம் ஓடியவர்கள். தோள் மாற்றுகையில் ஒருவரும் நிற்கவில்லை.

திடலில் இப்போது எண்ணெய்ப்பனை நிற்கின்றது. எம் பதிவேட்டில் அதற்கு ஒரு எண் உண்டு. அங்கே குலை வெட்டுகிறவர்கள் கடல் கடந்து வந்த தொழிலாளர். அங்கே ஓட்டம் நடந்தது அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. தந்தையாரின் நிறுத்துக் கடிகாரம் எம் மேசையறையில் இருக்கின்றது. குலை ஏற்றும் லாரியோட்டி ஒருவர், முன்னாளில் கோலை அதிகம் தவறவிட்டவர், இப்போது பட்டணத்துத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை ஓட்டம் பழக்குகின்றார். வெள்ளிக்கிழமை எடைச் சீட்டு வாங்க வருகையில் கடிகாரத்தை எடுத்துச் செல்வார். திங்களன்று கொண்டுவந்து வைப்பார். சென்ற திங்களன்று அவர் கொண்டுவரவில்லை. நாமும் கேட்கவில்லை.