மூல காரணம்: மனிதப் பிழை

கோளாறுக்கு மூல காரணம் சொல்லும் அறிக்கையான ஆர்.சி.ஏ.வை எழுத இனி ஆள் வேண்டாம், லாக்கை எல்லாம் படித்து ஏ.ஐ.யே எழுதிவிடும் என்று போன மாதம் ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். சொன்னவர் ஒரு நாள்கூட இரவு ஷிப்டில், கோளாறு நேரத்தில் எல்லோரும் சேரும் பிரிட்ஜ் காலில் உட்கார்ந்தவரில்லை. புரொடக்‌ஷன் சப்போர்ட்டிலேயே தலை நரைத்து, இந்த ஆண்டு ஓய்வு பெறப்போகும் எனக்கு அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

என்ன கமாண்ட் ஓடியது என்பது லாக்கில் இருக்கும். அடித்தவன் எந்த சர்வரில் இருப்பதாக நினைத்திருந்தான், எத்தனை விண்டோ திறந்து வைத்திருந்தான், முந்தின இரவு தூங்கினானா என்பதெல்லாம் அதில் கிடையாது. அவன் வாயிலிருந்துதான் வரவேண்டும். பயந்துவிட்டால் வராது. எங்கள் வேலையின் கஷ்டமெல்லாம் இந்த ஓர் இடத்தில்தான்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஷிப்ட் லீட் ஓர் அம்மா. தரமணியில் டைடல் பார்க் புதிதாக வந்த காலத்து ஆள். செவ் ஒன் என்ற உச்சகட்டக் கோளாறு விழுந்து, பிரிட்ஜில் அமெரிக்க கிளையன்ட் ஆட்கள் ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருப்பார்கள். அந்த அம்மா மைக்கை மியூட் செய்துவிட்டு, சேஞ்ச் போட்ட பையனுக்குப் பக்கத்தில் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். நின்றுகொண்டு கேட்கவே மாட்டார். “தம்பி, மேல ஸ்க்ரோல் பண்ணு. முதல்லேர்ந்து ஒவ்வொண்ணாச் சொல்லு. கிளையன்ட்கிட்ட நான் பேசிக்கிறேன்.” அவன் சொல்லச் சொல்ல நேரத்தோடு நோட்டில் குறித்துக்கொள்வார். பிறகு அன்மியூட் செய்து, தவறான நோடில் கமாண்ட் ஓடிவிட்டது, ரோல்பேக் தொடங்குகிறோம் என்பார். பையனின் பெயர் அந்தக் காலில் வந்ததே இல்லை. நேரத்தோடு உண்மை வந்ததும் எதிர்முனைக் கத்தலும் அடங்கிவிடும்.

பின்னால் நான் பார்த்த ஜப்பானிய அக்கவுண்டில் கத்தல் கிடையாது. ஆனால் மூல காரணம் ‘மனிதப் பிழை’ என்று எழுதி அனுப்பினால் மறுநாளே திரும்பி வந்துவிடும். டொயோட்டாவில் தாய்ச்சி ஓனோ ஐந்து முறை ‘ஏன்’ கேட்கப் பழக்கிய நாடு அது. கோளாறு கண்ட தொழிலாளியே கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம் என்று வைத்த ஆலை டொயோட்டா. எங்கள் ஆர்.சி.ஏ.க்களில் ஐந்தாவது ‘ஏன்’ பெரும்பாலும் ஷிப்ட் ரோஸ்டரில் போய் நிற்கும். ரோஸ்டர் போடும் மேலாளர்களுக்கு அது பிடிக்காது.

ஆளை மிரட்டாமல் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2017 ஜனவரி 31 இரவு, வேலையை முடித்துக் கிளம்பவிருந்த கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தின் இன்ஜினியர் ஒருவர், வேறு சர்வர் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸை அழித்தார். ஓரிரு நொடியில் நிறுத்தியும் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. நிறுவனம் மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டியது. அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. இறுதி அறிக்கையில் அவர் பெயரும் இல்லை. வெர்ஷன் பொருந்தாமல் பேக்கப் ஓடாமலே கிடந்ததும், அதை எச்சரிக்கும் மெயில்கள் வந்து சேராததும் அதனால்தான் வெளியே வந்தன. ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு முன் அதே ஆள் கையால் எடுத்து வைத்திருந்த ஸ்னாப்ஷாட்டிலிருந்துதான் டேட்டா மீண்டது. அவரை அன்று மிரட்டியிருந்தால் இதில் பாதியாவது தெரிந்திருக்குமா?

இன்று நான் பார்ப்பது வேறு. மவுஸ் அசைகிறதா என்று பார்க்க ஒரு சாஃப்ட்வேர். தவறு செய்தவன் பெயரை மேலே ஐந்து பேருக்கு சிசி போட்டு மெயில். பிள்ளைகளும் பழகிவிட்டார்கள்; எதையும் சாட்டில் எழுதுவதில்லை, ஹிஸ்டரியை கிளியர் செய்துவிட்டுத்தான் வாய் திறக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இப்போது எங்கள் புளோரில் ‘நலவாழ்வு வாரம்’ நடக்கிறது. யோகா வகுப்பு, மனநலம் பற்றி உரை, பழச்சாறு. இரவு ஷிப்டில் மூன்று பேர் இருந்த இடத்தில் ஒருவரை மட்டும் வைக்கும் புது ரோஸ்டரும் இதே வாரம்தான் அமலுக்கு வந்திருக்கிறது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.