குற்றவாளி யார் என்பதற்கு அப்பால்

கொலை மர்மப் படம் பார்ப்போர் மனத்தில் நிற்பது ஒரே கேள்வி: கொன்றவன் யார்? ஹென்றி-ஜோர்ஜ் குளூஸோ 1947இல் உருவாக்கிய ‘கே தெ ஸோர்ஃபேவ்ர்’ என்னும் பிரெஞ்சுப் படத்தை நானும் முதலில் அப்படித்தான் பார்த்தேன். கொலையாளி, கதையின் ஓரத்தில் வந்துபோகும் ஒரு கார்த் திருடன். எனக்குப் பெரும் ஏமாற்றம். இரண்டாம் முறை பார்த்தபோதே என் கேள்வி பிழையென உணர்ந்தேன்.

படத்தின் பெயர், பாரிஸ் புலனாய்வுப் பொலிசாரின் தலைமையகம் 2017 வரை இருந்த ஆற்றங்கரை வீதியின் பெயர். காலம் 1946 டிசம்பர். ஜெனி ஆடல்பாடல் அரங்குகளிற் பாடுபவள். வறுமையிற் பிறந்து உயர விழைபவள். கணவன் மொரிஸ் பியானோ வாசிப்பவன். சினிமா ஆசை காட்டி அவளைத் தன்வசப்படுத்த முயலும் செல்வந்தக் கிழவன் பிரிஞோன் கொல்லப்படுகிறான். தானே கொன்றதாக ஜெனி நம்புகிறாள். கொல்லச் சென்ற மொரிஸ் பிணத்தையே காண்கிறான். தோழி டோரா தடயங்களை அழிக்கிறாள்.

லூயி ஜூவே நடிக்கும் இன்ஸ்பெக்டர் அந்துவான் கொடியவரல்லர். குடியேற்ற நாட்டிலிருந்து அழைத்துவந்த கலப்பின மகனைத் தனியே வளர்ப்பவர். அவனது கேத்திரகணிதப் பரீட்சையை எண்ணிக் கவலைப்படுபவர். அத்தகைய மனிதரே, பொலிஸ் இயந்திரத்தின் உறுப்பாகி மொரிஸைக் கேள்விகளால் நசுக்குகிறார். நத்தார் இரவில், சிறைக்கூண்டில், மொரிஸ் தன் மணிக்கட்டை அறுத்துக்கொள்கிறான். பொலிசாரின் நெருக்குதலுக்குப் பணிந்து டோராவை அடையாளங் காட்டும் டாக்ஸிச் சாரதி, அவளிடமே மன்னிப்புக் கேட்கிறார். அகப்பட்டுத் தவிப்போர் யாவரும் உழைத்துண்பவர்களே.

ஜேர்மன் ஆக்கிரமிப்பின்போது ஜேர்மன் நிறுவனமொன்றுக்காக 1943இல் படம் எடுத்தமைக்காகத் தடைசெய்யப்பட்டவர் குளூஸோ. தடை நீங்கியபின் அவர் எடுத்த முதற்படம் இதுவே. அவரது பழைய செயலுக்கு நான் நியாயம் தேடவில்லை. ஆயினும், விசாரிக்கப்படுபவனின் நெஞ்சு எவ்வாறு உலரும் என்பதை இப்படம் அறிந்திருக்கிறது.

நான் ஓர் ஆசிரியன். பல ஆண்டுகளுக்கு முன் வகுப்பிற் பணம் காணாமற்போனது. எல்லோரிலும் ஏழையான மாணவனை அழைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். அரைமணி நேரத்தில் அவன் ‘ஓம்’ என்றான். மறுநாள் அந்தப் பணம் உரியவனின் புத்தகத்துக்குள்ளேயே கிடைத்தது. செய்யாததை ஏன் ஒப்புக்கொண்டாய் என்று நான் அவனிடம் கேட்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அந்த டாக்ஸிச் சாரதி என்னிலும் மேலானவர்.